போத்தாத பொன்னாடை

வாங்க அம்மிணி, வாங்க. செருப்பை அங்கயே உடுங்க, நாய் ஒண்ணும் பண்ணாது. சால்வையை வாங்கிட்டுப் போலாம்னு வந்திருக்கறீங்க, அதானே? வெள்ளியங்கிரி தாட்டி உட்டிருப்பாரு. அவரே வர்றதுக்கு என்னவாம்? வாசகர் வட்டத்துச் செயலாளரு, கோபி பூரா வண்டியில சுத்தறாரு, எங்கூட்டுச் சந்துக்கு மட்டும் வண்டி திரும்பாதா? பயம். அதனாலதான் புதுசா சேந்த உங்களைப் புடிச்சு அனுப்பிச்சிருக்கறாரு. பேரென்ன சொன்னீங்க? பிரவீணா. செரி, உக்காருங்க பிரவீணா.

சால்வை பத்தரமா இருக்குது. பீரோவுல மடிச்சு வெச்சு, அந்துருண்டை கூடப் போட்டிருக்கறேன். நான் ஒண்ணும் திருடிட்டு வரல. ஊருக்குள்ள அப்பிடித்தானே பேசிக்கறாங்க, துளசிமணி டீச்சர் பொன்னாடையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு? பேசட்டும். எனக்குப் பீரோ நெறைய சால்வை கெடக்குது. ரிடையர்டு ஆனப்ப போத்தினதே இன்னும் கவர் பிரிக்கல.

நீங்க அன்னைக்கு வரலையே, அதனால நடந்ததைச் சொல்றேன், கேளுங்க. நம்ம வட்டத்துல ஒரு வழக்கம். மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை துணிக்கடை மாடியில கூட்டம். வட்டத்துல எவராச்சும் புத்தகம் போட்டா, மூத்த ஆளு ஒருத்தர் மொதல்ல பேசோணும். பேசி முடிச்ச கையோட எழுதுனவங்களைக் கூப்புட்டுப் பொன்னாடை போத்தோணும். அப்பறம் மத்தவங்க பேசுவாங்க, ஏற்புரை, போண்டா, டீ, அவங்கவங்க ஊட்டுக்குப் போயிருவோம். இந்தத் தடவை மிருதுளான்னு ஒரு சின்னப் புள்ள. 'மெழுகுவத்திக் கழகம்'னு நாவல் எழுதியிருக்குது. வெள்ளியங்கிரி வந்து, "டீச்சர், அந்தப் புள்ளயே கேக்குது, உங்க கையாலதான் போத்திக்கோணுமாம்"னாரு. கேக்காம என்ன பண்ணும்? இத்தனை வருசம் ஜியாக்ரபி எடுத்தவ, வட்டத்துல மூத்தவ நாந்தானே. செரின்னுட்டேன்.

செரின்னுட்டு அந்த நாவலைப் படிச்சேன். அங்கதான் வம்பே.

மத்தவங்க மாதிரிப் படிக்காமப் போயிருந்தா, "எழுத்துலகுக்குக் கெடைச்ச புதிய வெளிச்சம்"னு ரெண்டு வார்த்தை சொல்லிப் போத்திட்டு வந்திருப்பேன். படிச்சுத் தொலைச்சுட்டனே! மேடை ஏறினேன், மைக்கைப் புடிச்சேன், "இந்த நாவல் நல்லா இல்லை"ன்னேன். அந்தப் புள்ளயோட அப்பா, அம்மா, மாமன் எல்லாம் மொதல் வரிசையில. எதனால நல்லா இல்லைன்னு அரை மணி நேரம் சொன்னேன், ஒண்ணு ஒண்ணா, பக்கத்தைக் காட்டி. முடிச்சதும் அந்தப் புள்ள எந்திரிச்சு வந்து என்ற முன்னால நின்னுது. அழுகல. சால்வை போத்தறதுக்கு வாகா கழுத்தைச் சித்தக் குனிஞ்சுது.

என்ற கையில சால்வை. அப்பத்தான் தோணுச்சு. நல்லா இல்லைன்னு சொன்ன வாய் மூடறதுக்குள்ள இந்தக் கை போயிப் பொன்னாடை போத்துனா, ரெண்டுல ஒண்ணு பொய்தானே? மடிச்சேன். கண்ணாடிக்கூட்டோட சேத்துப் பையில வெச்சேன். எறங்கி வந்துட்டேன். நான் படியெறங்கறப்ப வெள்ளியங்கிரி மேசை மேல விரிச்சிருந்த துணியை உருவி அந்தப் புள்ளைக்குப் போத்திட்டிருந்தாராம். போத்தறதுக்கு ஏதாச்சும் ஒரு துணி வேணும் அவருக்கு. அவ்வளவுதான் அவரு இலக்கியம்.

இப்ப என்னவாம்? வாட்சப் குரூப்புல இருந்து தூக்கியாச்சு. வர்ற ஞாயித்துக்கெழமைக் கூட்டத்துல சால்வையும் மன்னிப்பும் வரலைன்னா வட்டத்துல இருந்தே பேரை எடுத்துருவாங்களாம். எடுக்கட்டும். இல்லீங்க, நெசத்தைச் சொல்றேன், எடுக்கட்டும்னு வாய்தான் சொல்லுது. எனக்கு அந்த ஒரு ஞாயித்துக்கெழமைதான் அம்மிணி. மத்த நாளெல்லாம் ரசமும் சீரியலும். எங்கூட்டுக்காரரு நல்ல மனுசன்தான், ஆனா ஒரு புத்தகத்தைப் பத்திப் பேசுனா அதோட எடையைத்தான் கேப்பாரு. அந்த மாடிப்படி ஏறலைன்னா எனக்கு மாசம் போன மாதிரியே இருக்காது. அதுக்காக? நல்லா இல்லாததை நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டு அந்தப் படியை ஏறோணுமா? முடியாது.

நீங்க இந்த மாதிரி நாவல் படிக்கறதுண்டா? டார்க் அகடமியான்னு என்னமோ பேரு சொல்றாங்க. நான் இருட்டுக் காலேஜுக் கதைம்பேன். எனக்குக் கொலைக்கதை புடிக்காதுன்னு நெனச்சுக்காதீங்க, அதுன்னா உசுரு. அதனாலதான் இத்தனை கோவம். இங்கிலீசுல, தமிழ்ல, கெடைச்சதெல்லாம் படிச்சிருக்கறேன். எல்லாத்துலயும் ஒரே காலேஜுதான். கருங்கல் கட்டடம், மேல கொடி படந்திருக்கும். மழை ஓயாது. அத்தனை மழையில எவனும் துணி காயப்போட எடம் தேட மாட்டான். ஆறு பசங்க, ஆறு பேருக்கும் கறுப்புக் கோட்டு. செத்துப்போன பாஷையில பேசிக்குவாங்க. ஒருத்தன் பெரிய எடத்துப் பையன், ஒருத்தன் இல்லாதப்பட்டவன், அந்த இல்லாதப்பட்டவன்தான் கதை சொல்லுவான். ஒரு புரொபசரு, நரைச்ச தாடி, பார்வையே ஒரு தினுசா இருக்கும். பொணம் உழுந்துரும். அதுக்கப்பறம் முந்நூறு பக்கம் எல்லாரும் சன்னல் வழியா வெளிய பாத்துட்டிருப்பாங்க.

எவனும் பரிச்சை எழுத மாட்டான். எவனுக்கும் அரியர் கெடையாது. ஹாஸ்டல் சாம்பார்ல கரப்பான் கெடக்காது. லைப்ரரி நடுச்சாமத்துலயும் தொறந்திருக்கும்! என்ற மகன் படிச்ச காலேஜுல நாலரைக்கே பூட்டிட்டு அந்த ஆளு பஸ் புடிக்கப் போயிருவாரு. நம்மூருக் காலேஜுல ஒரு கொலை நடந்தா எதுக்கு நடக்கும், சொல்லுங்க? இன்டர்னல் மார்க்குக்கு நடக்கும். ஃபீஸ் பாக்கின்னு ஹால் டிக்கெட் குடுக்காம ஒரு புள்ளயை நாளெல்லாம் வராண்டாவுல நிக்க வெப்பாங்களே, அந்த ஆத்திரத்துல நடக்கும். எந்த ஊரு, என்ன ஆளுங்கன்னு கேட்டுட்டு ஹாஸ்டல்ல ரூம் ஒதுக்குவாங்களே, அதுக்கு நடக்கும். அந்த இருட்டை எழுத ஆளைக் காணோம். எல்லாரும் மெழுகுவத்தி வாங்கிட்டு ஊட்டிக்குப் போயிடறாங்க.

இந்தப் புது நாவல்களே அப்பிடித்தான் அம்மிணி, கொலை இருந்தாலும் செரி, இல்லாட்டியும் செரி. எவனும் சோறு திங்க மாட்டேங்கறான். கசப்புக் காப்பியாக் குடிக்கறான். ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒவ்வொரு ஆளு சொல்றாங்க, அஞ்சு பேரும் ஒரே குரல்ல பேசறாங்க, மேல பேரைப் போடலைன்னா யாருன்னே தெரியாது. ஒவ்வொரு அத்தியாயமும் கதவு தட்டற சத்தத்துல முடியும். அடுத்ததுல தொறந்து பாத்தா பக்கத்து ஊட்டுக்காரி. பின்னட்டையில 'உறங்க விடாத நாவல்'னு போட்டிருக்கும். நான் மத்தியானத்துலயே நல்லா உறங்கினேன். முன்னுரை, சமர்ப்பணம், நன்றி, இதையெல்லாம் நான் தொடறதே இல்லை, நேரா மொதல் அத்தியாயந்தான். பந்தியில உக்காறதுக்கு முன்னாலயே ஏப்பம் உடற மாதிரி, அது என்னத்துக்கு?

செரி, மிருதுளா புத்தகத்துக்கு வர்றேன். ஒரு எழுத்து உடாம ரெண்டு தடவை படிச்சேன், தெரிஞ்சுக்கங்க. வட்டத்துல வேற எவரும் ஒரு தடவை கூடப் படிச்சிருக்க மாட்டாங்க. மலை மேல பழைய காலேஜு. அங்க ஒரு ரகசியக் கழகம், ஒரு புரொபசரு கொலை. அதுல சேரோணும்னா என்ன பண்ணோணும் தெரியுமா? ராத்திரி லைப்ரரிக்குப் போயி, மெழுகுவத்திக்கு முன்னால ஒரு கோழிமுட்டையைப் புடிச்சு, உள்ள உசுரு இருக்குதா இல்லையான்னு பாத்துச் சொல்லோணுமாம்! செரியாச் சொன்னவன் உள்ள, தப்பாச் சொன்னவன் வெளிய. கொலையெல்லாம் அந்தரத்துல நிக்குது, நடுப் புத்தகத்துல, ஒரு அத்தியாயம் பூரா முட்டை. எந்தப் பக்கம் மேல வரோணும், ரத்த நாளம் எப்பிடிச் செலந்தி வலை மாதிரித் தெரியும், கூமுட்டைன்னா எப்பிடி மங்கலா இருக்கும். எனக்குச் சிரிப்புத் தாங்கல. சபையிலயே கேட்டேன்: "இது கொலைக்கதையா, கோழிப்பண்ணையா?" எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கு மட்டும் அந்தப் புள்ளயும் சிரிச்சுது. என்னையப் பாத்து, என்னமோ ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்ச மாதிரி. திமிரு பாருங்க.

தண்ணி குடிக்கறீங்களா? மோரு இருக்குது, தர்றேன். ஒரு சால்வைக்கு இத்தனை வீம்பு எதுக்குன்னுதானே பாக்கறீங்க? உங்க மொகத்துலயே எழுதி ஒட்டியிருக்குது. சொல்றேன். இதை எங்கூட்டுக்காரருக்கே சொன்னதில்ல.

நானும் ஒரு நாவல் எழுதினேன். அந்த ஒண்ணுதான். 'வாய்க்கால் கரையில் ஒருத்தி'. ரிடையர்டு ஆன பொறகு, அஞ்சு வருசம் ஒக்காந்து எழுதினது. எல்லாரும் மூஞ்சியில மாஸ்க்கு போட்டுட்டுத் திரிஞ்ச காலத்துல, ஊரடங்கு முடிஞ்சதும் மொதல் கூட்டம் என்ற புத்தகத்துக்குத்தான். பிரஸ்காரன் வட்டத்துக்காரங்களுக்கெல்லாம் முன்னாடியே காப்பி அனுப்பிச்சிருந்தான். எனக்கு வர வேண்டிய பொட்டி அன்னைக்குக் காலையிலதான் வந்துது. நான் பிரிக்கக் கூட இல்ல, பட்டுச்சீலை கட்டிட்டுக் கூட்டத்துக்கு ஓடிட்டேன். அஞ்சு பேரு பேசினாங்க. "நெஞ்சை உலுக்கும் முடிவு"ன்னாரு வெள்ளியங்கிரி. ஒருத்தரு, "ஒரு வரியைக் கூட எடுக்க முடியாது"ன்னாரு. பொன்னாடை போத்தினாங்க. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

அப்ப பின்வரிசையில இருந்து ஒரு புள்ள, காலேஜுல படிக்கற வயசு, மாஸ்க்கு போட்டுட்டு எந்திரிச்சு நிக்குது. "அம்மா, முட்டையை வெளக்கு வெளிச்சத்துல பாக்கற அந்தப் பகுதியை எப்பிடி எழுதினீங்க?"ன்னு கேக்குது. எனக்கு ஒண்ணும் புரியல. "என்ற நாவல்ல முட்டையே இல்லீங்களே அம்மிணி, வேற யாரு புத்தகத்தையோ படிச்சுட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குது"ன்னேன். சபையே குலுங்கிச் சிரிச்சுது. நான் நல்லாப் பேசுவேன், எல்லாருஞ் சொல்லுவாங்க. அந்தப் புள்ள உக்காந்துருச்சு.

ஊட்டுக்கு வந்து பொட்டியைப் பிரிச்சேன். நடுவுல தொறந்தேன். நாட்டுக்கோழி வளர்ப்பு.

ஆமாங்க. பிரஸ்ல ஒரு ஃபாரம் மாறிப்போச்சு. பதினாறு பக்கம். என்ற பதினாறு பக்கத்தை எடுத்துட்டு, வேற எவனோ அச்சடிக்கக் குடுத்த கோழி வளர்ப்புப் புத்தகத்துல பதினாறு பக்கத்தை வெச்சுத் தெச்சுட்டான். எல்லாக் காப்பியிலயும். அடை வெக்கறது, தீவனம், அம்மைக்கு மருந்து, முட்டைக்குள்ள உசுரு இருக்குதான்னு வெளக்கு வெளிச்சத்துல பாக்கறது. என்னோட அந்தப் பதினாறு பக்கத்துலதான் அம்மிணி கதையே இருந்துது. அவ ஏன் வாய்க்கால்ல எறங்கறான்னு அங்கதான் வருது. அஞ்சு வருசத்துல ரெண்டு வருசம் அந்தப் பதினாறு பக்கத்துக்கே போச்சு. இப்பப் பாத்தா அவ கரையில நிக்கறா, அப்பறம் கோழிக்குத் தீவனம் வெக்கறாங்க, அப்பறம் ஊட்டுல எல்லாரும் அழுகறாங்க. இதைத்தான் அஞ்சு பேரும் நெஞ்சை உலுக்குதுன்னாங்க. ஒருத்தரும் படிக்கல. ஒரு நாதியும் படிக்கல!

நான் மூச்சு உடல. என்னன்னு சொல்றது? பாக்கி இருந்த காப்பியிலெல்லாம் பிளேடு வெச்சு அந்தப் பக்கங்களை அறுத்து எடுத்தேன். அப்பவும் வாங்கிட்டுப் போனவங்க ஒருத்தர் கூட, நடுவுல பக்கத்தைக் காணமேன்னு கேக்கல. அன்னைக்கு முடிவு பண்ணினேன். நான் இனி ஒரு புத்தகத்தைப் பத்தி வாயைத் தொறந்தா, படிச்சுட்டுத்தான் தொறப்பேன். நல்லா இருந்தா நல்லா இருக்குதும்பேன், இல்லைன்னா இல்லைம்பேன். எவன் போத்தினாலும் செரி, போத்தாட்டியும் செரி. இதுக்கு மன்னிப்புக் கேக்கச் சொல்றாங்க. எதுக்குங்க கேக்கோணும்?

என்ன? அந்த மாஸ்க்குப் புள்ளயா? அது யாரோ. மூஞ்சியே பாக்கல. அது ஒண்ணுதான் படிச்சிருக்குது, வாஸ்தவந்தான். அது போயி நாலு பேருகிட்டச் சொல்லி ஊரே சிரிக்கப் போகுதுன்னு ஒரு மாசம் பயந்துட்டுக் கெடந்தேன். ஒண்ணும் சொல்லல போலிருக்குது.

ஏன் அப்பிடிப் பாக்கறீங்க? மிருதுளா முட்டைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அது அது பாட்டுக்கு என்னமோ கற்பனை பண்ணி எழுதியிருக்குது. ஊர்ல கோழியே இல்லையா?

என்னது அது, பையில? மெழுகுவத்திக் கழகமா? வாங்கிட்டீங்களா! எத்தனை பக்கம் ஆச்சு? மொதல் பக்கந்தானா? அதுல என்ன இருக்குது, சமர்ப்பணந்தானே, அதையெல்லாம் நான்... செரி, படிங்க. என்ற கண்ணாடி உள்ள கெடக்குது, நீங்களே படிங்க.

என்ன? இன்னொருக்காப் படிங்க, மெதுவா.

"தன் நாவலில் முட்டையே இல்லை என்று சபையில் சொல்லிவிட்டு, தேடிப் படித்தவளுக்கு மட்டும் அதை உள்ளே வைத்திருந்த துளசிமணி டீச்சருக்கு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க நீங்கள்தான் கற்றுத் தந்தீர்கள்."

குடுங்க இப்படி. நானே பாக்கறேன். கண்ணாடி இல்லாட்டிப் பரவால்ல, பேரு பெரிசாத்தான் போட்டிருக்குது.

அப்ப அந்தப் புள்ளதானா இது? மாஸ்க்கு போட்டுட்டு நின்னது? நான் என்னமோ வேணும்னே கதைக்குள்ள கோழியைக் கொண்டாந்து வெச்சு, கேட்டா இல்லைன்னு சொல்லி, படிச்சவளுக்கு மட்டும் தெரியட்டும்னு வெளையாடினதா நெனச்சுட்டுதா? அட சாமி. அத்தனை பேருக்கு முன்னால சிரிப்பாணி ஆக்குனனே, அதையும் வெளையாட்டுன்னே எடுத்துட்டுதா? அதை வெச்சுக் கழகம், மெழுகுவத்தி, முழுசா ஒரு நாவலே எழுதிருச்சு. அதனாலதான் என்ற கையால போத்திக்கோணும்னு கேட்டிருக்குது. நான் கோழிப்பண்ணைன்னு சொன்னப்ப அது சிரிச்சுது பாருங்க, அதுக்குத்தான் சிரிச்சுது.

வெள்ளியங்கிரி ஒரு வார்த்தை சொல்லலையே, சமர்ப்பணத்துல உங்க பேரு இருக்குதுன்னு? அவரு எங்க படிச்சாரு. ஆமா, நான் மட்டும் படிச்சனாக்கும்.

சித்த இருங்க. இந்தப் புத்தகம் என்ற மடியிலயே இருக்கட்டும். கழுத்தைக் குனிஞ்சு நின்னுது அம்மிணி. நான் மடிச்சுப் பையில வெச்சுட்டு எறங்கிட்டேன்.

மோரைக் குடிங்க, ஆறிப்போற பண்டமில்ல, ஆனாலும் குடிங்க.

சால்வையை உங்ககிட்டக் குடுக்க மாட்டேன். வெள்ளியங்கிரிகிட்டப் போயிச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழமை நானே வருவேன், சால்வை என்ற கையில வரும், அந்தப் புள்ளைக்கு நாந்தான் போத்துவேன். மேசைத் துணியை எடுத்துட்டு ஓடி வர வேண்டாம்னு சொல்லுங்க. மன்னிப்புக் கேக்க மாட்டேன். அதையும் சொல்லுங்க. அந்த நாவல் நல்லா இல்லை. அன்னைக்கும் இல்லை, இன்னைக்கும் இல்லை. மழை அதிகம், கோட்டு அதிகம், அந்தப் புரொபசரைக் கொல்றதுக்குக் காரணமே பத்தாது. அடுத்ததுல நம்மூருக் காலேஜை எழுதுன்னு மைக்குலயே சொல்லப் போறேன். எழுதும் அது. பின்வரிசையில இருந்து படிக்கற புள்ள எழுதாம இருக்குமா?

பேரை எடுத்தா எடுத்துக்கட்டும். போத்திட்டு எறங்கி வந்துடறேன்.

ஆனா பிரவீணா, இங்க வாங்க, பக்கத்துல வாங்க. அந்தப் பிரஸ்காரன் சமாச்சாரம், ஃபாரம் மாறினது, இதெல்லாம் இந்த ஊட்டோட இருக்கட்டும். வெள்ளியங்கிரிக்கு வேண்டாம். அந்தப் புள்ள காதுக்கு மட்டும் ஜென்மத்துக்கும் போகக் கூடாது. பொய்யான்னு கேக்கறீங்களா? எது பொய்யி? புத்தகத்துல இருக்குதா இல்லையா? அட்டையில என்ற பேருதானே போட்டிருக்குது?

அப்பறம் ஒண்ணு. மெழுகுவத்திக் கழகத்துல எல்லாமே மோசம்னு நான் சொன்னேன் பாருங்க, அது தப்பு. அந்த முட்டை அத்தியாயம் மட்டும் நெம்ப நல்லா இருக்குது. ஞாயித்துக்கெழமை மேடையிலயே சொல்லிடறேன். நான் எழுதுனதாச்சே, நல்லா இல்லாமப் போயிருமா?